குட்டைக் கிலோமீட்டர்

அளவையாளருடைய கார் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடமாக அதே பதினாறுதான். காரும் மாறவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை, பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி "மெதுவா, மெதுவா" என்று சொல்வதும் மாறவில்லை. மாறியது பெட்ரோல் மட்டும்தான். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலையே இனி எல்லா பங்க்கிலும் விற்கவேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. கரும்பிலும் சோளத்திலும் எடுக்கிற சாராயச் சத்துதான் எத்தனால். காற்று சுத்தமாகும், விவசாயி பிழைப்பார், மைலேஜ் குறையாது என்று மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். முதல் இரண்டும் நல்ல விஷயம்தான், அதில் யாருக்கும் சண்டையில்லை. நம்மாள் மாட்டிக்கொண்டது மூன்றாவதில்.

அவர் சாலைத் துறையில் முதுநிலை அளவையாளர். அளக்காத பொருளை அவர் நம்பமாட்டார். ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தபோது நர்ஸ் எடையைச் சொன்னார்; இவர் நீளம் கேட்டார். இப்போது அந்தப் பாப்பாவுக்கு ஐந்து வயது. இந்த வருடம் பள்ளியில் சேர்க்கவேண்டும். அந்த வட்டாரத்திலேயே பேர் சொல்லும் ஒரே அரசுப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். அதற்காகவே இரண்டு வருடம் முன்பு வீடு மாறினார்கள். பள்ளி வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை இவரே டேப் பிடித்து அளந்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே காத்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் மனைவி முகம் கோணவில்லை. "பாப்பா அந்த ஸ்கூல்ல சேர்ற வரைக்கும் நான் பக்கவாட்டுல நின்னுகூட சமைக்கிறேன்," என்றார்.

புதுப் பெட்ரோல் வந்த மூன்றாவது வாரம் கார் பதினைந்துதான் கொடுத்தது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, விரலால் ஒரு குழாயை நசுக்கிக் காட்டினார். "பழைய ரப்பர் சார். இந்தப் பெட்ரோலுக்குன்னு செஞ்சதில்ல. ஊறி ஊறி இத்துப்போவுது. அதுவுமில்லாம எத்தனால்ல பலம் கொஞ்சம் கம்மி. பதினஞ்சு குடுக்குதா? வாயை மூடிட்டு ஓட்டுங்க."

"மைலேஜ் குறையாதுன்னு அரசாங்கமே சொல்லியிருக்கே?"

"அவங்க சொன்னாங்க. உங்க காருக்குக் காது கேக்கலபோல."

அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷர்களுக்கு விடத் தெரியாது. அரசாங்கத்தின் குறைதீர் இணையதளத்தில் போய், 'மைலேஜ் ஒரு கிலோமீட்டர் குறைந்துள்ளது, ஆவன செய்க' என்று ஒரு புகாரைப் பதிந்துவிட்டார்.

புகார் நடக்க ஆரம்பித்தது. முதலில் எரிபொருள் இயக்குநரகம். 'மேற்படி எரிபொருள் ஆய்வு செய்யப்பட்டது; எரிபொருள் சரியாக உள்ளது' என்று கையெழுத்திட்டு அனுப்பியது. அடுத்து வாகனத் துறை. 'மேற்படி வாகனத்தின் தகுதிச் சான்று ஆய்வு செய்யப்பட்டது. வாகனம் சரியாக உள்ளது' என்றது. ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதில் லிட்டர் சரி, வண்டியும் சரி என்றால் மிச்சமிருப்பது கிலோமீட்டர்தான். எனவே 'தூரத்தின் உண்மைத்தன்மையை ஆராய்ந்து அறிக்கை தருக' என்று சாலைத் துறைக்கு அனுப்பினார்கள். சாலைத் துறையில் தூரத்தை ஆராய்பவர் யார்? திங்கட்கிழமை காலை நம்மாள் மேஜையில் ஒரு கோப்பு கிடந்தது. பிரித்துப் பார்த்தார். புகார்தாரர் நன்றாகத் தெரிந்த ஆளாக இருந்தார்.

ஒழுங்கான மனுஷர், ஒழுங்காகவே விசாரித்தார். நாலு நாள் வெயிலில் நின்று சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லுக்குக் கல் டேப் பிடித்தார். ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர், அச்சு பிசகவில்லை. 'தூரம் சரியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் கோட்டப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. எரிபொருள் சரின்னு கையெழுத்து இருக்கு. வண்டி சரின்னு கையெழுத்து இருக்கு. இப்ப நீங்க தூரமும் சரிங்கிறீங்க. அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?"

நம்மாள் யோசித்தார். "நான்தான் இருக்கேன் சார்."

"அதேதான். பொய்ப்புகார். தண்டனை மாற்றல். எல்லைக் கோட்டம், இங்கிருந்து நானூறு கிலோமீட்டர்."

எல்லைக் கோட்டத்தில் மணல் இருக்கிறது, காற்று இருக்கிறது, பள்ளி இல்லை. "சார், புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

"அந்தப் பட்டன் அதுல கிடையாது. நானே ஒரு தடவை தேடிப் பாத்திருக்கேன்." பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, நானும் பிள்ளைகுட்டிக்காரன். யாருக்கும் வம்பில்லாம ஒரு வரி எழுதுங்களேன்."

நம்மாள் அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒரு வரி எழுதினார்: 'சாலை சற்றே நீளமாக இருக்கக்கூடும் என்ற கருத்தினை முற்றிலும் மறுப்பதற்கில்லை.'

பொறியாளர் இரண்டு தடவை படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "பிரமாதம்யா. இதுல யாரும் எதுவுமே சொல்லல," என்றார்.

ஆனால் மேலே போகப்போக வரி இளைத்துக்கொண்டே போனது. கண்காணிப்பாளர் 'மறுப்பதற்கில்லை'யை எடுத்தார். இணை இயக்குநர் 'இருக்கக்கூடும்' என்பதை எடுத்தார். இயக்குநர் மேஜைக்கு வந்தபோது 'சாலை நீளம்' என்ற இரண்டு சொல்தான் பாக்கி இருந்தது. உடனே அவசரக் கூட்டம் போட்டார்கள். கண்டுபிடித்தவர் என்ற முறையில் நம்மாளுக்கு முன்வரிசையில் இடம்.

"சாலையைக் குறைக்க முடியாது," என்றார் இயக்குநர். "ரெண்டு முனையிலும் ஊர் இருக்கு. அப்ப எதைக் குறைக்கலாம்?"

"சார், கிலோமீட்டர்னா ஆயிரம் மீட்டர்..." என்று நம்மாள் எழுந்தார்.

"மீட்டர் எந்தத் துறை?"

"எடை அளவுத் துறை சார்."

"அப்ப அதைத் தொடாதீங்க. வீணா கடிதப் போக்குவரத்து. ரோட்டோரக் கல்லு யாரோடது?"

"நம்மளோடதுதான் சார்."

"கல்லு நம்மளோடதுன்னா கிலோமீட்டரும் நம்மளோடதுதான்."

அறை முழுக்கக் கைதட்டல். பதினைந்து பழைய கிலோமீட்டரில் பதினாறு புதுக் கிலோமீட்டர் அடங்கவேண்டும். வகுத்துப் பார்த்தார்கள். இனி ஒரு கிலோமீட்டர் என்பது தொள்ளாயிரத்து முப்பத்தேழரை மீட்டர். பேர், 'சீரமைக்கப்பட்ட கிலோமீட்டர்'. ஜனங்கள் அதைக் குட்டைக் கிலோமீட்டர் என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். ஆறு மாதச் சோதனை ஓட்டம், அதன்பின் பொதுமக்கள் கருத்துக் கேட்டு நிரந்தரம். ஆனால் சோதனை தொடங்கிய பதினெட்டாம் நாளே அமோக வெற்றி என்று அறிவித்து, கருத்துக் கேட்பை அந்த மாதக் கடைசிக்கே இழுத்துவிட்டார்கள். திட்டத்தின் பொறுப்பு அலுவலராக நம்மாளே நியமிக்கப்பட்டார். அவர் வேண்டாம் என்றார். 'அலுவலர் தன்னடக்கத்துடன் ஏற்றுக்கொண்டார்' என்று குறிப்பில் எழுதினார்கள்.

அந்த வாரம் ஊரே குதூகலப்பட்டது. கற்களைப் பிடுங்கிக் கிட்டக் கிட்ட நட்டார்கள். கார்களிலுள்ள தூரம் காட்டும் மீட்டரைத் திருத்தித் தர முகாம் வைத்தார்கள். மெக்கானிக்குக் கை ஓயவில்லை. "ரப்பர் குழாய மாத்தணும்னு வர்றவங்க எல்லாம் மீட்டர மட்டும் மாத்திட்டு சிரிச்சிக்கிட்டே போறாங்க சார்," என்றார். எல்லாக் காரும் மறுபடி பதினாறு கொடுத்தது. பஸ்கள் முன்னைவிட அதிகக் கிலோமீட்டர் ஓடின. டிரைவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஓட்டப்பந்தயக்காரர் ஒருவர் பத்துக் கிலோமீட்டரில் பழைய சாதனையையெல்லாம் தூக்கி எறிந்தார். நிலா திடீரென்று இருபத்தையாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டதாக ஒரு தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, இதற்கு முந்தைய அரசாங்கம்தான் பொறுப்பு என்று சண்டை போட்டார்கள்.

எல்லாரையும்விடப் பூரித்துப்போனவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். காலையில் நடப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. கையில் அடி எண்ணும் பட்டை ஒன்று, காலில் ஒன்று, கழுத்தில் ஒரு விசில். "தம்பி, நான் இன்னிக்கு அஞ்சு கிலோமீட்டர் நடந்துட்டேன். மூச்சே வாங்கல. வயசு குறைஞ்சிட்டு வருது," என்று கேட்டுக்கு வெளியே நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நடைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 'அஞ்சைத் தாண்டியவன்' என்று நெஞ்சில் எழுதிய பனியன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கெல்லாம் போனார்கள். அந்த பனியன் இல்லாதவன் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் பள்ளிச் சேர்க்கை வந்தது. விண்ணப்பத்தோடு சாலைத் துறையின் தூரச் சான்றிதழ் வைக்கவேண்டும். நம்மாள் அன்று ஒரே மூச்சில் இருநூற்றுப்பத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். எதையும் படித்துப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை எடுத்துவிட்டார். "மூணு கிலோமீட்டர், எண்பத்தேழரை மீட்டர். எல்லைக்கு வெளிய இருக்கீங்களே."

"மேடம், போன மாசம் ரெண்டு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர். நானே அளந்தேன்."

"இதுல கையெழுத்து யாரோடது?"

"...என்னோடதுதான்."

"உங்க வீடு தூரம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, இல்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே?"

"மேடம், வீடு இருந்த இடத்துலதான் இருக்கு. ஸ்கூலும் இருந்த இடத்துலதான் இருக்கு."

"நான் வீட்டைக் குத்தம் சொல்லலீங்க," என்றார் தலைமையாசிரியை பெருந்தன்மையாக.

வீட்டுக்கு வரும்வரை மனைவி "மெதுவா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற கல்லையெல்லாம் நகத்தத் தெரிஞ்சுதே, நம்ம வீட்டை எண்பத்தேழரை மீட்டர் முன்னால நகத்தத் தெரியலையா? நீங்க ஒரு வரி எழுதினீங்களே, அந்த வரியில நம்ம பாப்பா விழுந்துட்டா."

பாப்பா புதுப் பையை மாட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க நம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. பயந்து எழுதிய ஒரு வரி, அதுவும் உண்மையை அளந்து தெரிந்துகொண்ட பிறகு எழுதிய வரி. அவமானத்தில் அவர் சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முடிவு செய்தார். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது. பழைய கிலோமீட்டர் திரும்பி வந்தால் வீடு தானாக எல்லைக்குள் வந்துவிடும்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் இயக்குநர். முன்வரிசை முழுக்க பனியன்கள். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்ததும் நம்மாளுக்குத் தைரியம் வந்தது. அவர் பேத்தியும் இதே பள்ளிக்கு விண்ணப்பித்து, இதே எண்பத்தேழரை மீட்டரில் வெளியே நின்ற குழந்தைதான்.

ஒலிவாங்கியைப் பிடித்தார். "எல்லாரும் மன்னிக்கணும். தூரம் எப்பவும் சரியாத்தான் இருந்துது. நான் அளந்தேன். கலப்புப் பெட்ரோல்ல என் பழைய காரு ஒரு கிலோமீட்டர் கம்மியா ஓடிச்சு, அவ்வளவுதான் விஷயம். வேலைக்குப் பயந்து மாத்தி எழுதிட்டேன். உங்க காரு எதுவும் பதினாறு குடுக்கல. பதினஞ்சுதான் குடுக்குது."

மண்டபம் முழுக்க ஒரே கூச்சல்.

"யோவ், என் காரைப் பத்திப் பேச நீ யாரு?"

"வீட்ல எல்லார்கிட்டயும் பதினாறுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்!"

ஓட்டப்பந்தயக்காரர் பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் மெல்ல எழுந்தார். "தம்பி, அப்ப நான் தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கலையா?"

"நாலே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மி சார்."

"என் சம்பந்திகிட்ட அஞ்சுன்னு சொல்லியாச்சே."

"சார், உங்க பேத்திக்கு ஸ்கூல்ல இடம் போயிடுச்சே! அதை யோசிங்க!"

"பேத்திக்கு வேற ஸ்கூல் பாத்துக்கலாம்," என்றார் அவர். "இந்த வயசுல அஞ்சு கிலோமீட்டருக்கு நான் எங்க போவேன்?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இயக்குநர் கொஞ்சமும் கோபப்படவில்லை. நம்மாள் பக்கம் குனிந்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, அதாவது பொத்தியதாக நினைத்துக்கொண்டு, சொன்னார்: "திட்டம் நிரந்தரமானா நீங்களும் நிரந்தரத் திட்ட அலுவலர். திட்ட அலுவலர் பிள்ளைகளுக்கு அந்த ஸ்கூல்ல தூரமே பாக்க மாட்டாங்க, விதி இருக்கு. திட்டம் ரத்தானா நீங்க பொய் அறிக்கை குடுத்தவர். எல்லைக் கோட்டம். நானூறு கிலோமீட்டர். அதுவும் பழைய கிலோமீட்டர்."

இது மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கிறதே என்று இரண்டு மூன்று பேர் சந்தோஷப்படவும் செய்தார்கள்.

"குட்டைக் கிலோமீட்டர் நிரந்தரமா வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றார் இயக்குநர்.

காடாகக் கைகள் எழுந்தன. எதிர்வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். நாலாவது வரிசையில் மனைவியின் கை மேலே இருந்தது. அவர் கண் மட்டும் கீழே பார்த்தது. மடியிலிருந்த பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே கை தூக்கியிருந்தாள். தூக்காத கை மண்டபத்தில் ஒன்றுதான். அளவையாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் எழுந்தது. 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் முதல் திருப்பத்திலேயே கார் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்னால் ஏழு கார் நிற்கிறது, பின்னால் பன்னிரண்டு. எல்லாம் பழைய கார்கள். சேதி கேட்டு வந்த மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பானெட்டைத் தூக்கி, "குழாய் போச்சு. இதுவும் குழாய். இதுவும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். புதுக் குழாய் வர மூன்று வாரம் ஆகுமாம். மீட்டர் வேண்டுமானால் இப்போதே திருத்தித் தருவாராம். வேறு வழியில்லாமல் மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, நம்மாளும் அந்த வழியே நடந்து வந்த எதிர்வீட்டுக்காரரும் பின்னால் நின்று தள்ளினார்கள்.

"வீடு எவ்வளவு தூரம் தம்பி?"

"ரெண்டு கிலோமீட்டர் சார்."

"குட்டைதானே? தள்ளுங்க, தள்ளுங்க, வந்துடும்."

பாதி வழியில் உள்ளேயிருந்து மனைவி கத்தினார். "ஏங்க! நீங்க தள்ளினாலும் மீட்டர்ல கிலோமீட்டர் ஏறுதுங்க!"

எதிர்வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "பெட்ரோல்?"

"ஒரு சொட்டு இறங்கல!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே! மறுநாள் காலை நடைக்காரர் சங்கம் மொத்தமும் அவரவர் காரைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. உடம்புக்கு அஞ்சு, காருக்கும் அஞ்சு. வார முடிவில் தெருவின் சராசரி லிட்டருக்கு இருபத்திரண்டு. இயக்குநர் புள்ளிவிவரத்தை வரவழைத்துப் பார்த்து, கலப்பு எரிபொருளில் மைலேஜ் கூடுவதாக அறிக்கை விட்டார். நம்மாள் மனப்பூர்வமாக அதற்குக் கையெழுத்துப் போட்டார். எந்தத் திசையிலிருந்து அளந்தாலும் சரியாக இருந்தது.

பள்ளி திறந்த முதல் நாள் பாப்பா இருபது நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தாள். அப்பா காருக்குப் பின்னால் சட்டை நனைந்து குனிந்து நின்றார்.

"முதல் நாளே லேட்டா?" என்றார் தலைமையாசிரியை.

"எங்க கார்தான் மிஸ் இந்த ஏரியாவுலயே ஃபர்ஸ்ட்டு," என்றாள் பாப்பா. "எங்க அப்பா பெட்ரோலே இல்லாம மூணு கிலோமீட்டர் குடுக்கிறாரு."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ரைட்டுல தள்ளுங்க," என்றார். அவருடைய காரை அவர் கணவர் அப்போதுதான் கேட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.